முக்காலமும் பகாதது

சொல்லைப் பகுத்துப் பார்ப்பது தமிழ் இலக்கணத்தின் தலையாய கலைகளுள் ஒன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர், பதவியல் என்றே ஓர் இயலை அதற்கென வகுத்தார். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்னும் உறுப்புகளாகப் பிரிக்கத்தக்கது பகுபதம். அவ்வாறு பிரித்தால் பொருள் தராதது பகாப்பதம். 'நடந்தான்' என்பது பகுபதம். 'மரம்' என்பது பகாப்பதம். மரத்தை 'ம' என்றும் 'ரம்' என்றும் வெட்டலாம். ஆனால் வெட்டிய துண்டுகள் எப்பொருளையும் உணர்த்தமாட்டா. இது தமிழ் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லப்படும் பாடம்.

இதே வேர்ச்சொல் கணக்கியலிலும் வழங்குகிறது என்பதை மாணவர் பலர் அறிவதில்லை. 15 என்னும் எண்ணை மூன்று, ஐந்து ஆகியவற்றின் பெருக்கமாகப் பிரிக்கலாம். எனவே அது பகு எண். 13 என்னும் எண்ணை ஒன்றாலும் அதே எண்ணாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுக்க இயலாது; எனவே அது பகா எண். ஆங்கிலத்தில் இதனைப் பிரைம் என்பர். அச்சொல்லின் மூலப்பொருள் 'முதலாவது' என்பதே. ஆங்கிலப் பெயர் எண்ணின் தகுதியைக் கூறுகிறது. தமிழ்ப் பெயரோ எண்ணின் இயல்பையே கூறிவிடுகிறது. பெயரைக் கேட்டவுடன் இலக்கணமும் விளங்கிவிடுகின்றது.

அப்பெயரில் மற்றுமொரு நயம் உண்டு. 'பகா எண்' என்பது எவ்வகைத் தொடர் என வினவினால், 'பகாத எண்' என்பதன் ஈறு கெட்டு நின்ற எதிர்மறைப் பெயரெச்சம் என்று மாணவர் விடையிறுப்பர். எதிர்மறைப் பெயரெச்சம் காலம் காட்டாது. முக்காலத்திற்கும் பொதுவாய் நிற்கும். நேற்றும் பகவில்லை, இன்றும் பகவில்லை, நாளையும் பகாது என்னும் மூன்றையும் அவ்விரண்டு எழுத்துகள் ஒருங்கே கூறுகின்றன. ஓர் எண்ணைப் பகா எண் என்பவர், 'யான் முயன்றவரை பகவில்லை' என்று கூறவில்லை. 'எவர் முயலினும் எக்காலத்தும் பகாது' என்று உறுதி கூறுகின்றார். அத்தகைய உறுதியை ஒருவர் எங்ஙனம் பெறுவது? சிறிய எண்களில் இவ்வினா எளிது. பேரெண்களில் இதுவே கணித அறிவின் உரைகல்.

சிறிய எண்களுக்குச் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையும் அதன் சுற்றுப்புறமும் நல்ல பாடப்புத்தகம் ஆகும். பஃபலோ சாலையில் உள்ள தேக்கா நிலையத்தின் கட்டட எண் 665. அது ஐந்தில் முடிவதால் ஐந்தால் வகுபடும். முற்றும் பகுத்தால் 5 × 7 × 19 ஆகும். அதற்கு அணித்தே நிற்கும் குடியிருப்புக் கட்டடம் ஒன்றின் எண் 661. அது பகா எண். ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயத்தின் கதவெண் 141. அது 3 × 47. அதே சாலையில் மேலும் நடந்தால் எதிர்ப்படும் ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலின் கதவெண் 397. இது பகுமா, பகாதா?

இதற்கு 397 வரையுள்ள எல்லா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டுவதில்லை. ஓர் எண் இரண்டு காரணிகளாகப் பிரியுமாயின், அவற்றுள் ஒன்றேனும் அவ்வெண்ணின் வர்க்கமூலத்திற்கு மேற்படாது. இருபதை இருபதால் பெருக்கினால் 400 ஆகிவிடும். ஆகவே இருபதுக்குக் குறைந்த பகா எண்களாகிய 2, 3, 5, 7, 11, 13, 17, 19 என்னும் எட்டினால் வகுத்துப் பார்த்தாற் போதும். எட்டுமே மீதி தருகின்றன. எனவே 397 பகா எண். எட்டே வகுத்தல்களில் முக்காலத்திற்கும் உரிய உண்மையொன்று கைவந்துவிடுகிறது. எந்தப் பெரியாரும் எந்த நூலும் அதற்குச் சான்றளிக்க வேண்டுவதில்லை. ஐயுறும் மாணவர் தாமே வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சொல்லுக்கும் எண்ணுக்கும் இவ்வளவு ஒற்றுமை இருப்பினும், ஒரு வேற்றுமையும் உண்டு. நன்னூல் பொதுமொழி என ஒன்றைக் கூறும். 'வேங்கை' என்பது ஒருமொழியாய் நின்று மரத்தையோ புலியையோ குறிக்கும்; 'வேம் கை' எனப் பிரிந்து வேகின்ற கையையும் குறிக்கும். 'தாமரை' என்பது மலராகும். 'தா மரை' எனப் பிரிந்து தாவுகின்ற மானும் ஆகும். எண்ணுலகில் பொதுமொழி இல்லை. 665 என்னும் எண்ணை ஒருவர் 35 × 19 என்று தொடங்கலாம்; மற்றொருவர் 95 × 7 என்று தொடங்கலாம்; வேறொருவர் 133 × 5 என்று தொடங்கலாம். எவ்வழிச் சென்றாலும் முடிவில் அதே 5, 7, 19 என்னும் மூன்றே எஞ்சும். எந்த எண்ணும் பகா எண்களாகப் பிரிவது ஒரே ஒரு வகையில்தான் என்னும் இவ்வுண்மைக்கு யூக்ளிட் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அடித்தளம் இட்டார். 1801-இல் காஸ் அதனைத் தெளிவுற நிறுவினார்.

யூக்ளிட் இட்ட அடித்தளம் யாது? ஒரு பெருக்கத்தைப் பகா எண் வகுக்குமாயின், பெருக்கப்பட்ட எண்களுள் ஒன்றையாவது அது வகுத்தே தீரும் என்பதாம். ஏட்டில் உறங்குவது போலத் தோன்றும் இவ்விதி சிங்கப்பூரின் சாலைகளில் நாள்தோறும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்நாட்டு வண்டிகளின் எண்பலகையில் இலக்கங்களை அடுத்து இறுதியில் ஓர் ஆங்கில எழுத்து நிற்கும். அது விருப்பம்போல் இட்ட எழுத்தன்று. முன்னுள்ள எழுத்துகளையும் இலக்கங்களையும் குறிப்பிட்ட சிற்றெண்களால் பெருக்கிக் கூட்டி, 19-ஆல் வகுத்து, வரும் மீதிக்கு ஏற்ப அவ்வெழுத்தை அமைக்கின்றனர். அதற்கெனப் பயன்படும் எழுத்துகளும் பத்தொன்பதே.

பத்தொன்பதைத் தேர்ந்தது ஏன்? நான்கு இலக்கங்களும் முறையே 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கப்படுகின்றன. எழுதுவோர் ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதிவிட்டதாகக் கொள்வோம். அப்போது கூட்டுத்தொகை மாறும் அளவு, அச்சிற்றெண்ணும் இலக்கங்களின் வேறுபாடும் பெருகிய தொகையாகும். இரண்டுமே பத்தொன்பதிற் சிறியவை. பத்தொன்பது பகா எண்ணாதலின், தனித்தனியே வகுக்க இயலாத இரண்டின் பெருக்கத்தையும் அது வகுக்காது. ஆகவே மீதி மாறும், எழுத்தும் மாறும், பிழை வெளிப்படும். பத்தொன்பதுக்கு மாற்றாகப் பதினெட்டை வைத்திருந்தால் என்னாகும்? மூன்றால் பெருக்கப்படும் இடத்தில் 1 என்பதை 7 என எழுதிவிட்டால் வேறுபாடு 6, பெருக்கம் 18. மீதி மாறாது, பிழை ஒளிந்துகொள்ளும். பகுபடும் எண் பிழைக்கு வழிவிடுகிறது. பகா எண் வழிமறித்து நிற்கிறது.

இனிப் பேரெண்ணுக்கு வருவோம். 1644-இல் மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி ஒரு பட்டியலை வெளியிட்டார். இரண்டை இரண்டால் மீண்டும் மீண்டும் பெருக்கி, முடிவில் ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் எண்களைப் பற்றியது அது. மூன்று இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 7. ஐந்து இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 31. இவை பகா எண்கள். பதினோர் இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2047. இது 23 × 89 எனப் பகும். எவ்வெவ் அடுக்குகளில் பகா எண் கிடைக்கும் என 257-ஆம் அடுக்கு வரை மெர்சென் கூறிவிட்டார். அப்பட்டியலில் 67, 127, 257 என்னும் அடுக்குகளும் இடம்பெற்றன. அவர் அவ்வளவையும் வகுத்துப் பார்த்திருக்க இயலாது என்பதை அனைவரும் அறிவர். எனினும் அவர்தம் சொல், சொன்னவரின் பெயராலேயே நெடுங்காலம் நின்றது.

127 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது 170141183460469231731687303715884105727 என்னும் எண். அது 39 இலக்கங்களை உடையது. பெருமாள் கோயிலின் கதவெண்ணைச் சோதித்த முறையில் இதனைச் சோதிக்கப் புகுந்தால், 20 இலக்க எண்கள் வரை வகுத்துப் பார்க்க வேண்டும். ஒரு நொடியில் நூறு கோடி வகுத்தல்களைச் செய்யும் பொறியும் ஒவ்வோர் எண்ணாலும் வகுத்து முடிக்க 400 ஆண்டுகளுக்கு மேலாகும். ஆயினும் கணிப்பொறி இல்லாத 1876-ஆம் ஆண்டில், லூக்காஸ் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் இது பகா எண்ணே என நிறுவினார். கையால் கணக்கிட்டு நிறுவப்பட்ட மிகப் பெரிய பகா எண் என்னும் பெருமையுடன் 1951 வரை, எழுபத்தைந்து ஆண்டுகள், அதனை விஞ்சியது ஒன்றில்லாமல் அது விளங்கிற்று.

லூக்காஸ் வகுத்து, லெமர் என்னும் அமெரிக்கர் 1930-ஆம் ஆண்டளவில் செம்மை செய்த முறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. நான்கில் தொடங்கவேண்டும். அதனை அதனாலேயே பெருக்கி இரண்டைக் கழிக்கவேண்டும்; 14 கிடைக்கும். மீண்டும் அவ்வாறே செய்தால் 194 கிடைக்கும். இவ்வாறு செல்லுங்கால், சோதிக்கப்படும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அடுக்கெண்ணில் இரண்டு குறைந்த படிகளில் மீதி சுழியானால் அது பகா எண். இன்றேல் பகு எண். 31-ஐ எடுத்துக்கொண்டால், அடுக்கு ஐந்து. எனவே மூன்று படிகள். முதற்படியில் 14. இரண்டாம் படியில் 194. 31-ஆல் வகுத்தால் மீதி 8. மூன்றாம் படியில் எட்டெட்டு அறுபத்து நான்கில் இரண்டு போக 62. அது 31-இன் இருமடங்கு, மீதி சுழி. 31 பகா எண்ணே. மேற்கண்ட பேரெண்ணுக்கு 125 படிகள் போதும். காரணிகளைத் தேடி அலையாமலே, 'உனக்குக் காரணி இல்லை' என்று எண்ணின் முகத்துக்கு நேரே கூறிவிடும் முறை இது.

அதே லூக்காஸ் 67-ஆம் அடுக்கையும் ஆராய்ந்து, மெர்சென் சொன்னது பிழை, அது பகு எண்ணே எனக் கண்டார். ஆயின் அது எவ்வாறு பகும் என்பதை அவராலும் கூற இயலவில்லை. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் கோல் என்னும் பேராசிரியர் விடை தந்தார். அவர் ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் 67 இரண்டுகளின் பெருக்கத்திலிருந்து ஒன்றைக் கழித்து எழுதினார் என்றும், அடுத்த பக்கத்தில் 193707721 என்பதை 761838257287 என்பதால் பெருக்கிக் காட்டிவிட்டு அமர்ந்தார் என்றும் கூறுவர். இரு விடைகளும் ஒன்றே. அரங்கில் இருந்தோர் தம் கண்ணெதிரே கண்டுகொண்டனர். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நின்ற ஒரு பெரியவரின் கூற்று, ஒரு பெருக்கல் கணக்கின்முன் நிற்க இயலாது போயிற்று. 257-ஆம் அடுக்கும் பிழையென 1920-களில் தெரியவந்தது. 61, 89, 107 என்னும் அடுக்குகளை அவர் விட்டுவிட்டதும் வெளிப்பட்டது. அப்பட்டியலை முற்றும் சரிபார்த்து முடிக்க 1947 வரை ஆயிற்று.

ஒரு சொல் பகுபதம் என்று தெரிந்தும் அதன் பகுதி இன்னதெனப் புலப்படாமல் மயங்குவது இலக்கண மாணவர்க்குப் புதிதன்று. எண்ணிலும் அத்தகைய மயக்கம் உண்டு. அதுவே இக்காலத்தில் காவலாகவும் பயன்படுகிறது. இரண்டு பெரும்பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கத்தைக் கண்டு அவ்விரண்டையும் பிரித்தெடுப்பது அரிது. 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் ஆகிய மூவர் இவ்வருமையையே பூட்டாக்கி மறைமொழி முறை ஒன்றை அமைத்தனர். இன்று அதில் 617 இலக்கப் பெருக்கங்கள் வழங்குகின்றன. இணையவழிச் செய்திகளையும் பணத்தையும் காக்கும் முறைகளுள் அதுவும் ஒன்று. இந்தப் பூட்டுக்குத் திறவுகோல் பகா எண்களே.

பகா எண்ணைப் பற்றிப் பேசுமிடத்துத் தமிழர் சீனிவாச இராமானுசனை நினையாதிரார். சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்த அவர், 1913 சனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய மடலில், ஓர் எல்லைக்குட்பட்ட பகா எண்கள் எத்துணை என்பது பற்றியும் எழுதியிருந்தார். நூறுக்குள் 25 பகா எண்கள், ஆயிரத்துக்குள் 168, பத்து இலட்சத்துக்குள் 78,498. இந்த எண்ணிக்கையைத் தரும் சூத்திரம் ஒன்றைத் தாம் கண்டதாக அவர் கருதினார். அவர் எண்ணியதினும் அதன் பிழை பெரிது என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இச்செய்தி மேடைகளில் பெரும்பாலும் ஒலிப்பதில்லை. இராமானுசன் கண்டதெல்லாம் தெய்வ அருளால் கண்டவை என்று புகழ்ந்து முடிப்பதே வழக்கமாகிவிட்டது. புகழுரையில் குற்றமில்லை, ஆனால் அதனோடு நிறுத்துவது மாணவர்க்கு நாம் இழைக்கும் குறை. ஏனெனில் அவர் தவறிய இடம் எவரும் தவறக்கூடிய இடமே. பகா எண்களின் எண்ணிக்கைக்குக் காஸ் தந்த தோராய அளவு, கணக்கிட்டுப் பார்த்த அட்டவணைகளில் எல்லாம் உண்மையினும் சற்று மிகுதியாகவே இருந்தது. எப்போதும் அவ்வாறே இருக்கும் என்று எவரும் எண்ணுவர். 1914-இல் லிட்டில்வுட், அந்நிலை எண்ணற்ற முறை தலைகீழாகும் என நிறுவினார். 317 இலக்கம் உடைய எண்கள் நடுவே அத்தகைய இடம் உண்டென இன்று அறியப்பட்டுள்ளது. ஆனால் முதன்முதலில் மாறும் இடம் எது என்பதை இன்றுவரை எவரும் காட்டவில்லை. கோடிக்கணக்கான எடுத்துக்காட்டுகள் ஒரு பக்கம் நின்றும் உண்மை மறுபக்கம் இருந்தது. கண்டது வேறு, நிறுவியது வேறு. இதனை உணர்ந்தபின் நிறுவுதலையும் கற்று, காரணிகள் மிக நிறைந்த பகு எண்களைப் பற்றி 1915-இல் விரிந்த ஆய்வை வெளியிட்ட இராமானுசன், அருள்பெற்றவர் என்பதினும் உயர்ந்தவர் அல்லரோ?

அவரோடு அம்மரபு முடிந்துவிடவுமில்லை. குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901-இல் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சு. சி. பிள்ளையின் பெயரால் பகா எண்களில் ஒரு வகையே வழங்குகிறது. 1950-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குச் செல்லும் வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் அவர் மறைந்தார். 2002-இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா ஆகிய மூவர், எந்த எண்ணாயினும் அது பகா எண்ணா அன்றா என்பதை ஊகம் ஏதுமின்றி முடிவு கட்டும் விரைந்த பொதுமுறையைக் கண்டனர். அதனைக் கண்டபோது அவர்களுள் இருவர் இளநிலைப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தனர்.

இவற்றையெல்லாம் சிங்கப்பூர்த் தமிழ் மாணவர் எந்த மொழியில் கேட்கின்றார்? ஒரு காலத்தில் இந்நாட்டுத் தமிழ்ப் பள்ளிகளில் கணக்கும் அறிவியலும் தமிழிலேயே கற்பிக்கப்பட்டன. தமிழைப் பயிற்று மொழியாகக் கொண்டு எஞ்சிநின்ற உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்று மொழியாயிற்று. தமிழ் தாய்மொழிப் பாடமாகத் தொடர்கிறது, அது நற்பேறே. ஆனால் கணக்கு வகுப்பு கைவிட்டுப் போனதோடு 'பகா எண்' என்னும் சொல்லும் வகுப்பறையை விட்டுப் போயிற்று. தமிழ் என்பது பொங்கலுக்கும் கதைக்கும் உரிய மொழி. எண்ணவும் ஐயுறவும் நிறுவவும் வேறு மொழி வேண்டும் என்னும் எண்ணம் மாணவர் உள்ளத்தில் ஒருமுறை பதிந்துவிட்டால், அதனை அகற்றுவது பேரெண்ணைப் பகுப்பதினும் கடினம்.

இதற்குப் புதிய பாடத்திட்டம் எதுவும் வேண்டுவதில்லை. பகுபத உறுப்பிலக்கணம் நடத்தும் நாளில், தமிழாசிரியர் பத்து நிமிடத்தை எண்ணுக்கு ஒதுக்கினாற் போதும். 'நடந்தான்' என்பதன் அருகே 665 என்றும், 'மரம்' என்பதன் அருகே 397 என்றும் கரும்பலகையில் எழுதலாம். 'பகாது என்று எவ்வாறு அறிந்தாய்?' என்று ஒரே ஒரு வினாவை எழுப்பலாம். 'ஆசிரியர் சொன்னார்' என்பது விடையாகாது; 'புத்தகத்தில் உள்ளது' என்பதும் விடையாகாது. எட்டு வகுத்தல்களைச் செய்து காட்டும் மாணவரே விடை கூறியவர் ஆவார்.

பகா எண்களுக்கு முடிவில்லை என்பதையும் யூக்ளிடே நிறுவிச் சென்றார். 2024 அக்டோபரில் கண்டறியப்பட்ட ஒரு பகா எண், 136279841 இரண்டுகளின் பெருக்கத்தில் ஒன்று குறைந்தது. அதன் இலக்கங்களின் தொகையே 4,10,24,320. நான்கு கோடி இலக்கங்களைக் கடந்த அவ்வெண்ணையும் கதவெண் 397-ஐயும் தமிழ் ஒரே பெயரால் அழைக்கிறது. நேற்றும் இன்றும் நாளையும் பகாதது என்னும் அப்பெயரைச் சூட்டுமுன் நிறுவல் வேண்டும் என்பதை நம் இலக்கணமே நினைவூட்டி நிற்கிறது. அதனைக் கேட்கும் செவியை மாணவர்க்குத் தருவது தமிழாசிரியரின் கையில் உள்ளது.